திருத்தம் உள்ளவர்கள் கையை உயர்த்தலாம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. திண்டிவனத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியிலிருந்து சிஸ்டர் இருதயசெல்வி அனுப்பியிருந்தார். "ஜெசி, விழா மலருக்கு நம்ம மாணவியர் மன்றங்களைப் பத்தி நாலு பக்கம் எழுதித் தா. நீதான் எழுத்தாளர் ஆயிட்டியே." விழுப்புரத்தில் அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, நாலு பக்கம்தானே, அரைமணி வேலை என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "எங்கள் பள்ளியில் மன்றங்களுக்குக் குறைவே இல்லை. பசுமைப் படை, சாரணியர், தமிழ் மன்றம், பாடகர் குழு…" [அடித்துவிட்டேன். இது ஆண்டறிக்கை.]

இரண்டாம் தொடக்கம்: "வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வந்தாலே எங்களுக்கு" [வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் கும்மாளமாகத்தான் முடிக்க வேண்டியிருக்கும்.]

மூன்றாவது: "சூர்யகலாவின் கைகள்"

இதற்கு மேல் ஓடவில்லை. காபி ஆறிப்போனது. சூர்யகலா என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

பதினாறு வருடங்களுக்கு முன்பு, பதினோராம் வகுப்பில், நான் இரக்க மன்றத்தின் செயலாளர். ரொம்ப நாளாகப் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்கு இரண்டிரண்டு பேராகப் போய், பேசித் திரும்ப அழைத்து வருவது எங்கள் வேலை. வந்த பிள்ளையை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உட்காரவைத்து, போய்வந்த விவரத்தைக் கூட்டக் குறிப்பாகச் செயலாளர் வாசிப்பாள். வாசித்ததும் சிஸ்டர், "திருத்தம் உள்ளவர்கள் கையை உயர்த்தலாம்" என்பார். யாரும் உயர்த்த மாட்டார்கள். அவர் கையெழுத்துப் போடுவார். நாங்கள் கைதட்டுவோம்.

[அந்தப் பிள்ளையை எதிரிலேயே வைத்துக்கொண்டு அதன் வீட்டுக் கதையை வாசிக்கிறோமே என்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற மிதப்பு.]

சூர்யகலா ஒன்பதாம் வகுப்பு. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். இரண்டு வாரமாக ஆளைக் காணோம். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நானும் மன்றத்தில் என் ஜோடியான ரோஸ்லினும் அவளைத் தேடிப் போனோம். வீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"காலைல அம்மாவோட ஷெட்டுல எறா உரிச்சிட்டுத்தான்கா பஸ் ஏறுவேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சிக்கினுதான் வர்றேன். கை வாசன போவல. பக்கத்துல உக்கார்றவங்க எழுந்து வேற எடம் போயிடறாங்க. அதான் நின்னுட்டேன்."

"திங்கக்கிழம வா. நான் பாத்துக்கறேன்."

"வர்றேன்க்கா. இத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லையே என்று அன்று மாலையே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வந்துவிட்டாள்.

3

வெள்ளிக்கிழமை நான் வாசித்த குறிப்பின் கடைசிப் பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம்:

"அந்தத் தங்கையின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டேன். அவற்றில் கடலே மணத்தது. அதை நாற்றம் என்று சொல்பவர் யார்? உழைப்பின் நறுமணம் அல்லவா அது?"

உழைப்பின் நறுமணமாம். பதினாறு வயதில் எனக்கிருந்த கொழுப்பைப் பாருங்கள்.

அறுபது பேர் ஒரே சமயத்தில் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். கேலி செய்ய அல்ல, பாராட்டத்தான் பார்த்தார்கள். அவள் இரண்டு கைகளையும் டெஸ்க்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் திருத்தம் கேட்டார். யாரும் கையை உயர்த்தவில்லை. அன்றைக்குக் கைதட்டல் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வருடக் கடைசியில் சிறந்த குறிப்பு என்று எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.*

அடுத்த திங்கட்கிழமை சூர்யகலா வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. மறுபடி போய்ப் பார்க்கச் சிஸ்டர் சொன்னபோது, பரீட்சை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன்.

[* பேனா இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.]

4

இங்கே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். கைவசம் முடிவுகள் இருந்தன.

முடிவு ஒன்று: புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் காய்ச்சலோடு படுத்திருக்கிறேன். என் நாடியைப் பிடித்துப் பார்க்கும் நர்ஸின் கைகள்… [எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவளை நர்ஸ் ஆக்கினால் என் பாரம் இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.]

முடிவு இரண்டு: மரக்காணம் மீன் மார்க்கெட்டில் அவளைத் தூரத்தில் பார்க்கிறேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேசாமல் திரும்பி வருகிறேன். [இது இன்னும் வசதி. மன்னிப்புக் கேட்கிற வேலைகூடக் கிடையாது.]

மூன்றாவதை யோசிக்கவே வெட்கமாக இருந்தது. ரோஸ்லினுக்கு போன் போட்டேன். இரண்டே நாளில் யார் யாரையோ கேட்டு நம்பர் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு நாள் வேலையை நான் பதினாறு வருடமாகச் செய்யவில்லை.

5

"சூர்யகலாவா? நான் ஜெசி பேசறேன். ஸ்கூல்ல, இரக்க மன்றம்…"

"தெரியுதுக்கா. சொல்லுங்க."

பின்னால் குக்கர் விசில் கேட்டது. நான் நீளமாகப் பேசினேன். தப்பு என்றேன், புத்தியில்லாத வயசு என்றேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் விழா மலரைப் பற்றியும் உளறிவிட்டேன்.

"அப்ப மறுபடியும் என் கையப் பத்தி எழுதப் போறீங்களாக்கா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே பேசினாள்.

"அன்னிக்கு ஒரு திருத்தம் இருந்துதுக்கா. சொல்லணும்னுதான் உக்காந்துக்கினு இருந்தேன். கையத் தூக்கணும்னுட்டாங்க. எப்பிடித் தூக்கறது?"

"என்ன திருத்தம்?"

"நீங்க என் கையப் புடிக்கவே இல்லியே."

ஆமாம், பிடிக்கவில்லை. இரண்டாவது பகுதியில் நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதுதான். அன்று வாசலில் அவள் வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், தட்டில் போட்டு எங்களிடம் நீட்டினாள். நான் ஓரடி பின்னால் போய், "தவக்காலம், ஒருசந்தி இருக்கோம், எதுவும் சாப்பிட மாட்டோம்" என்றேன். ரோஸ்லின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். திரும்பும்போது மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி தின்றோம்.

"ஒருசந்தின்னு நெனச்சிக்கினுதான் இருந்தேன்," என்றாள் சூர்யகலா. "வெள்ளிக்கிழமதான் இருப்பீங்கன்னு போன வருசம் எம் பொண்ணு சொல்லித்தான் தெரியும். நீங்க வந்தது சனிக்கிழமயாச்சே. அவளும் அங்கதான் படிக்கிறா, ஆறாவது."

"அந்த ஸ்கூல்லயேவா சேத்த?"

"ஸ்கூல் என்னா பண்ணுச்சு?"

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"மலரு அவ கையிலயும் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க."

"அதுல வேணாம்க்கா. வேற எதுலயாவது எழுதறதுன்னா மொதல்ல எனக்குப் படிச்சிக் காட்டுங்க. போன்ல இல்ல. வூட்டுக்கு வந்து."

6

மலருக்கு நாலு பக்கம் அனுப்பிவிட்டேன். பசுமைப் படை, சாரணியர், தமிழ் மன்றம், பாடகர் குழு எல்லாம் அதில் உண்டு. சிஸ்டர் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார். இரக்க மன்றத்துக்கு மூன்று வரி ஒதுக்கியிருக்கிறேன். மூன்றும் உண்மை, மூன்றும் ஒன்றுக்கும் ஆகாதவை.

இது இன்னொன்று. பெயரை மாற்றியாயிற்று. கையை மாற்ற முடியவில்லை, மாற்றினால் வேறு யாருடைய கதையோ ஆகிவிடும். சனிக்கிழமை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மரக்காணம் பஸ் ஏற வேண்டும். அவள் எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட வேண்டும். கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

ஆனால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவள் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் நான் மறுபடியும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறாமலே இருந்துவிட்டேன். இரண்டில் எது என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நான் எழுதியதை நம்பி ஏற்கெனவே ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் எழுதவில்லை.

திருத்தம் உள்ளவர்கள் சொல்லலாம். கையை உயர்த்த வேண்டியதில்லை.