பொழுதுபோக்குன்னு எழுதிட்டாங்க

எனக்குப் பிடிச்ச வேலையைச் செஞ்சதுதான் குத்தமாம். கென்டக்கில நாற்பது ஏக்கர்ல பன்னெண்டு வருஷமா குதிரை வளர்த்து, குட்டி விக்கிறேன். அதுல அஞ்சு வருஷம் நஷ்டம். அந்த நஷ்டத்தை என் நர்ஸ் சம்பளத்துல கழிச்சுத்தான் வரி கட்டினேன். 'இது தொழில் இல்ல, பொழுதுபோக்கு. கழிச்சது செல்லாது, அபராதத்தோட கட்டுங்க'ன்னு வரித்துறை லெட்டர் போட்டுடுச்சு. அவ்வளவு பணத்துக்கு ஓடைக்கரை மேய்ச்சல் நிலத்தைத்தான் விக்கணும். அது போச்சுன்னா பண்ணையே போச்சு.

பயந்தேனான்னா, இல்ல. கோபம்தான் வந்தது. லூயிவில்ல வரி வழக்கு மட்டுமே பாக்குற வக்கீல் ரோவீனா டகெட்டைப் போய்ப் பிடிச்சேன். என் பொண்ணு வயசுதான் இருக்கும். முன்பணம் எவ்வளவுன்னு சொன்னதும், "அடேயப்பா, இந்தக் காசுக்கு ஒரு நல்ல குட்டியே வாங்கலாமே!"ன்னேன்.

"தாராளமா வாங்குங்க, மிஸ் ஓப்பல். மேய்க்கத்தான் நிலம் இருக்காது."

சரியான வாயாடி! அப்பவே எனக்குப் பிடிச்சுப்போச்சு. அங்கேயே செக் எழுதிக் கொடுத்தேன்.

ரோவீனா வரித்துறை ஃபைல்லேர்ந்து ஒரு தாளை எடுத்து என் முன்னாடி போட்டாங்க. பண்ணையோட பேஸ்புக் பக்கம். பிறந்த குட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான். கீழ, 'இதெல்லாம் வேலையே இல்லீங்க, சொர்க்கம்!'

"இதை எழுதின புண்ணியவதி யாரு?"

"நான்தான்."

ரோவீனா தலையில கை வச்சுக்கிட்டாங்க. "அப்பீல் பண்றோம். அந்த அதிகாரி முன்னாடி ஆசை, அன்பு, சொர்க்கம் எதுவும் வாயில வரக்கூடாது. எந்தக் குதிரையையும் பேர் சொல்லாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். மத்ததை நான் பாத்துக்கறேன்."

என் வீட்டுல இருந்த அத்தனை ரசீதையும் ரெண்டு நாள் உக்காந்து அடுக்கினோம். ஒவ்வொண்ணுக்கும் பக்க எண் போட்டாங்க.

அப்பீல் அதிகாரி பிரென்டிஸ் மரியாதையான மனுஷன்தான். ரோவீனா கணக்கெல்லாம் சொல்லி முடிச்சதும், அந்தப் பேஸ்புக் தாளை என் பக்கம் திருப்பினார்.

"தொழில் பண்றவங்க இப்படி எழுதுவாங்களாம்மா? பிடிக்காத காரியம் ஒண்ணாவது அந்தப் பண்ணைல பண்ணியிருக்கீங்களா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"ஜூனிபரை வித்தேனே சார்!"

ரோவீனா மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க. நான் நிறுத்தல.

"என் கையில பிறந்த குதிரை சார் அது. ரெண்டு தடவை குட்டி வயித்துல தங்கல. வச்சிருந்தா தீனிச் செலவுதான். டென்னசிக்காரர் ஒருத்தருக்கு வித்துட்டு, அந்தக் காசுல ரெண்டு இளசா வாங்கினேன். இப்போ அதுங்கதான் குட்டி போடுதுங்க. வண்டில ஏத்துறப்போ ஜூனிபர் என்னைத் திரும்பிப் பாத்துக் கனைச்சா. நான் உள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டேன். பொழுதுபோக்குக்கு எவளாவது அப்படிப் பண்ணுவாளா?"

அவர் பேனாவைக் கீழ வச்சார். ரோவீனா நிதானமா ஒரு ரசீதை எடுத்து அவர் பக்கம் தள்ளினாங்க.

"நாற்பத்தொண்ணாம் பக்கம், சார். அந்தக் குதிரையை வித்த ரசீது. தேதியைப் பாருங்க. உங்க நோட்டீஸ் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

அவர் அதை ரெண்டு தடவை படிச்சார்.

வெளியில வந்ததும் ரோவீனா கேட்டாங்க, "பேர் சொல்லாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"மறந்துட்டேன்."

"நல்லா மறந்தீங்க, போங்க!"

ஆறு வாரத்துல லெட்டர் வந்தது. தொழில்தான்னு ஒத்துக்கிட்டாங்க. நஷ்டத்தைக் கழிச்சது செல்லும், அபராதம் இல்ல. ரோவீனாவுக்குப் போன் போட்டேன். அவங்க அந்தப் பக்கம் கைதட்டிச் சிரிச்சாங்க. எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு. ஜூனிபரை வித்த நாள்லேர்ந்து பாவி, பாவின்னு என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். அவளை வித்ததாலதான் இன்னைக்கு நிலம் தப்பிச்சிருக்கு.

ஓடைக்கரைல புல்லு முழங்கால் உசரம் நிக்குது. மேயத்தான் அவ இல்ல.