பெரிய மாப்பிள்ளை வார்த்த பிளக்

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்பே பட்டறையை இரண்டு மகள்களுக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டார். மகள்களுக்குள் எந்தத் தகராறும் வரவில்லை. தகராறெல்லாம் மருமகன்களுக்குள்தான். பெரிய மாப்பிள்ளைக்குப் பேச்சு, சின்ன மாப்பிள்ளைக்கு வேலை என்று யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. அவரவர் வாய்க்கும் கைக்கும் தக்கபடி அது தானாகவே பிரிந்துகொண்டது.

பந்தய சைக்கிள்களுக்குக் கார்பன் ஃபைபரில் ஹேண்டில்பார் செய்கிற பட்டறை அது. ஹேண்டில்பார் உள்ளே வெறும் கூடாக இருக்க வேண்டும், அப்போதுதான் எடை குறையும். அதற்காகச் சிலிக்கோன் ரப்பரில், ஹேண்டில்பாரின் உள்வயிறு மாதிரியே வளைந்த ஒரு கட்டையை முதலில் வார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பிளக். அதன்மேல் பிசின் ஊறிய கார்பன் துணியைச் சுற்றி, இரண்டு பாதியாக இருக்கும் அச்சுக்குள் படுக்கவைத்து, போல்ட்டுகளை முறுக்கி ஓவனில் ஏற்றிவிடுவார்கள். சூடு ஏற ஏற ரப்பர் உப்பும். உப்பித் துணியை அச்சின் சுவரோடு சேர்த்து அமுக்கும். ஆறினால் பழையபடி சுருங்கிவிடும். முனையைப் பிடித்து இழுத்தால், இளைத்து நீண்டு வெளியே வந்துவிடும்.

சூட்சுமம் எல்லாம் பிளக்கின் பருமனில்தான். ரப்பர் உப்புவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வார்க்க வேண்டும். சின்ன மாப்பிள்ளை கொஞ்சம் என்ன, தாராளமாகவே விடுவார். காரணம், அச்சு அவர் கையால் செய்தது. கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு அடுக்கடுக்காகக் கட்டி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றியிருந்தார். பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்த வருஷங்கள் உண்டு. அச்சுக்கு மெழுகு பூச மறந்த நாள் கிடையாது. அதன்மேல் அதிக அழுத்தம் விழுந்துவிடக் கூடாதே என்று பிளக்கை ஒல்லியாகவே வார்த்துவந்தார். அழுத்தம் போதாமல் ஹேண்டில்பாரில் ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள் விழுந்தன. அவற்றைப் பசை போட்டு அடைத்து, மேலே வார்னிஷ் அடித்து, வெயிலில் பளபளக்கவைத்து அனுப்புவார். கேட்டால், "இந்தப் பொருளோட குணமே அப்படித்தான்" என்பார்.

சைக்கிள் சங்கத்தின் பயிற்சியாளர் அம்மா அப்படி லேசில் ஏமாறுகிறவர் இல்லை. ஒருநாள் ஹேண்டில்பாரைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். விரல்முட்டியால் அதைத் தட்டிக் காட்டினார்.

"கேட்டீங்களா சத்தத்தை? பொத்து பொத்துன்னு. என் பசங்க இதைப் பிடிச்சுக்கிட்டு மலையிறங்கணும் சார்."

இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் பெரிய மாப்பிள்ளை காத்திருந்தார் போலிருக்கிறது.

"நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன் மேடம், பிளக் ஒல்லி, பிளக் ஒல்லின்னு. யாரு கேக்குறா? இந்த வாட்டி நானே வார்க்கிறேன். நீங்க வந்து பக்கத்துல நின்னு பாருங்க."

அவர் அதற்கு முன்பு ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. அதைச் சொல்லிக்காட்டவும் சின்ன மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை.

சொன்னபடியே பெரிய மாப்பிள்ளை வார்த்தார். போனில் நாலு வீடியோ பார்த்த தைரியம். உப்புவதற்கு இடம் விடுவதெல்லாம் கோழைகளின் வேலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிளக் கொழுகொழுவென்று பிறந்தது. துணி சுற்றியபின் இன்னும் பெருத்தது. பயிற்சியாளர் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, மகள்கள் இருவரும் வாசலில் நின்று பார்க்க, பெரிய மாப்பிள்ளை அதை அச்சுக்குள் வைத்து மேல்பாதியை மூடினார். மூடவில்லை. இரண்டு பாதிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி.

சின்ன மாப்பிள்ளை பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். குளிர்ந்திருக்கும்போதே மூடாத அச்சு, சூடேறினால் என்ன ஆகும்?

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

"தம்பி, அந்தப் பெரிய ஸ்பேனரை எடு. நின்னு கத்துக்கோ."

மேடத்துக்கு முன்னால், பெண்டாட்டிக்கு முன்னால், பெண்டாட்டியின் அக்காவுக்கு முன்னால் இப்படிச் சொல்லிவிட்டார். சின்ன மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். வாயைப் பூட்டுப் போட்டுக்கொண்டார். வெடிக்கட்டும் என்று நினைத்தார். நினைக்க நினைக்க இனித்தது. பெரியவர் முகம் போகிற போக்கையும், மேடம் எழுந்து போகிற வேகத்தையும், அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் பட்டறைப் பக்கம் பெரியவர் வாயே திறக்கப்போவதில்லை என்பதையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

பெரிய மாப்பிள்ளை முழு உடம்பையும் ஸ்பேனரில் தொங்கவிட்டு அச்சை மூடி, ஓவனில் தள்ளிக் கதவைச் சாத்தினார். சூடு ஏறத் தொடங்கியது. அப்போதுதான் சின்ன மாப்பிள்ளைக்கு ஒன்று உறைத்தது. பிளக் பெரியவருடையது. வெடிக்கப்போகிற அச்சு யாருடையது?

மெல்ல சுவிட்சுப் பக்கம் நகர்ந்தார்.

"தொட்டே, அவ்வளவுதான்," என்றார் பெரிய மாப்பிள்ளை. "நடுவுல நிறுத்தினா பிசின் பாழாயிடும்."

அது உண்மைதான். அந்த மனுஷர் அன்று பேசியதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான் என்பது சின்ன மாப்பிள்ளையை இன்னும் எரியவைத்தது. ரப்பரின் நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகத்தான் போய்ச் சேரும். அதனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரியே நேரம் போனது. பெரிய மாப்பிள்ளை மேடத்துக்குத் தன் வருங்காலத் திட்டங்களை விவரித்துக்கொண்டிருந்தார். பிசின் ஏறக்குறைய இறுகிவிட்ட வேளையில், ஓவனுக்குள் 'படார்' என்றது. கதவு பட்டென்று திறந்து, புகையும் நாற்றமும் வெளியே வந்தன.

பெரிய மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"பாத்தீங்களா மேடம்!" என்றார். "எவ்வளவு பிரஷர்! இதைத்தான் டெஸ்ட் பண்ணிக் காட்டணும்னு நினைச்சேன்."

ஓவன் ஆறியதும் அச்சை வெளியே எடுத்தார்கள். நீளவாக்கில் பிளந்து கிடந்தது. சின்ன மாப்பிள்ளை அதைத் தொடக்கூட இல்லை. தள்ளி நின்று துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பயிற்சியாளர் அம்மா ஹேண்டில்பாரை உருவிப் பார்த்தார். ஒரு பக்கம் பிதுங்கிக் கோரமாக இருந்தது. மறுபக்கம் கருங்கல்லை இழைத்த மாதிரி இருந்தது. ஒரு ஊசிக்கண்கூட இல்லை. விரல்முட்டியால் தட்டினார். 'டங்' என்றது.

"இது! இந்தச் சத்தம்தான் எனக்கு வேணும்," என்றார். "பெரியவர் சொன்னது சரியாத்தான் இருக்கு. உங்க அச்சுதான் நோஞ்சான்."

நோஞ்சான் என்ற சொல் சின்ன மாப்பிள்ளையோடு வீடுவரைக்கும் நடந்தே வந்தது. சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அது வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியும்."

"அப்ப வாயைத் தச்சு வச்சிருந்தீங்களா?"

"உங்க அத்தான் பேச விட்டாத்தானே?"

"அத்தானுக்குத் தெரியலை, வெடிக்கவிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சும் வேடிக்கை பார்த்தீங்க. ரெண்டு பேர்ல யாரை நினைச்சு நான் தலையில அடிச்சுக்கறது?" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அடுத்த அறையில் அவள் அக்காவோடு போனில் பேசிச் சிரித்தது சுவரைத் தாண்டிக் கேட்டது. சிரிப்பில் பாதி தன்னைப் பற்றி என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதி பெரியவரைப் பற்றி என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம் வேறு வழியில்லாமல், லேத்துக்காரரிடம் சொல்லி அலுமினியத்தில் கனமான அச்சு ஒன்று கடைந்து வாங்கினார். பிளக்கையும் அவரே வார்த்தார்: தன்னுடையதைவிடக் குண்டாக, பெரியவருடையதைவிட ஒல்லியாக. ஹேண்டில்பார் முழுக்க முழுக்க 'டங்' என்றது. தட்டிப் பார்த்தவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இதை முன்பே செய்திருக்கலாம் என்ற நினைப்பும், பெரியவர் இல்லாவிட்டால் செய்திருக்கவே மாட்டோம் என்ற நினைப்பும் சேர்ந்தே வந்தன. இரண்டாவதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பெரிய மாப்பிள்ளை அதற்கு "உயர் அழுத்த முறை" என்று பெயர் வைத்தார். தன் பெயரோடு விசிட்டிங் கார்டு அடித்தார். சங்கத்துக்காரர்களை எல்லாம் வரவழைத்து, அவர்கள் முன்னால் தானே பிளக்கை உருவிக்காட்டப்போவதாக அறிவித்தார்.

கூட்டம் கூடியது. பெரிய மாப்பிள்ளை சட்டைக்கையை மடித்துவிட்டு இழுத்தார். முன்னைவிடக் குண்டான பிளக் அசையவில்லை. காலை மேஜையில் ஊன்றி இழுத்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். மெல்ல அவர் கை பக்கத்தில் கிடந்த ஸ்குரூடிரைவரைத் தேடிப் போனது.

சின்ன மாப்பிள்ளைக்கு இன்னொரு தடவை வேடிக்கை பார்க்கலாமா என்று ஆசை வந்தது, மறைப்பானேன். ஆனால் அந்த ஸ்குரூடிரைவர் கீறப்போவது தான் செய்த ஹேண்டில்பாரை. பல்லைக் கடித்துக்கொண்டு அருகே போய்க் காதோடு சொன்னார்:

"அண்ணே, முதல்ல ஓரத்துல காத்து அடிங்க. ரப்பர் விட்டுக்கொடுக்கும்."

"அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்று பெரிய மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார். "அடுத்த கட்டம், காத்து!"

காற்றுக்குழாயை வைத்ததும் பிளக் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ கேமராவை எடுத்தார்கள்.

"முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க," என்று மனைவி பின்னாலிருந்து சின்ன மாப்பிள்ளையின் முதுகில் இடித்தாள். "போட்டோ எடுக்குறாங்க."

அவர் சிரித்தார். போட்டோ மறுவாரம் பட்டறைச் சுவரில் ஏறியது. அதில் பெரிய மாப்பிள்ளை பிளக்கைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். சின்ன மாப்பிள்ளையின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது.