சண்டைக்கார வீட்டு வெந்நீர்

அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் அன்று மாலையே அவர்கள் வீட்டுக் குழாயில் வெந்நீர் வரும். பக்கத்து வீட்டுக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து ஒரே குழாய் வழியாக வருகிற தண்ணீர். நடுவில் அடுப்பும் கிடையாது, கொதிகலனும் கிடையாது. குடிநீர் அலுவலகத்தில் வால்வுகளைத் திறந்து மூட ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வைத்த நாளிலிருந்து இப்படித்தான். ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஊரும் பழகிக்கொண்டது. குளியலறை ஜன்னலில் ஆவி தெரிந்தால் அந்த வீட்டுக்கு அன்றைக்கு யாரும் விருந்தாளியாகப் போவதில்லை. அழுக்குத் துணி சேர்ந்துவிட்டால் சில வீடுகளில் பொய்ச்சண்டை போட்டுப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் தண்ணீர் மசியவில்லை.

ஆவி அதிகம் தெரிந்தது குடிநீர் அலுவலக மேலாளர் வீட்டு ஜன்னலில். கேட்டவர்களிடமெல்லாம் தனக்கு ஆஸ்துமா, ஆவி பிடிக்கிறேன் என்று சொல்லி வந்தார் மனிதர். யார் நம்பினார்கள்! பழைய கம்ப்யூட்டர் இருமத் தொடங்கியதும் புதியது ஒன்று வந்து இறங்கியது. புரோகிராமை அதற்கு மாற்றும் பொறுப்பு, அலுவலகம் முழுவதும் கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிடுகிற பொறியாளரிடம் வந்தது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் மாத்திடு. அந்த வெந்நீர் சமாச்சாரம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் கழட்டி விட்டுடு. என் மானம் தினமும் ஜன்னல் வழியா போகுது."

"சரி சார்" என்றாள். அவள் வீட்டிலோ வெந்நீர் நின்று வெகுநாளாகிவிட்டது. அவள் புருஷன் பல் வைத்தியர். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற ஆள், வீட்டில் திறப்பதில்லை. ஒரு விருந்தில் நாலு பேர் முன்னால், "இவளுக்கென்ன, ஏசியில உக்காந்து பட்டனைத் தட்டுற வேலை" என்று சொல்லிச் சிரித்தார். ஆரம்பத்தில் சண்டை பிரமாதமாக நடந்தது, குழாயும் கொதித்தது. பிறகு இருவருக்கும் அலுத்துப்போய், "ம்", "சாவி அங்க இருக்கு" என்ற அளவில் வந்து நின்றது. தண்ணீர் சில்லென்று ஆனது. எதிர்வீட்டு அக்கா, "உங்க வீட்டு ஜன்னல்ல ஆவியே காணோம், குடுத்து வச்சவம்மா நீ" என்று பூரித்தபோது அவளும் பல்லைக் காட்டி வைத்தாள். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

புரோகிராமைப் படித்துப் பார்க்க சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்துக்கொண்டாள். புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் எதையும் அழிக்காமல், இருப்பதன் தலையிலேயே ஒட்டுப்போட்டு, ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பொய்க் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். "இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லு" என்று கேட்டாள். ஏஜென்ட் நொடியில், இது வழக்கமான நீர்வழங்கல் புரோகிராம், எல்லாம் சுபம் என்று அறிக்கை நீட்டியது. குறிப்புகளைப் படித்துவிட்டுக் கதை விடுகிறது என்பது அவளுக்கா தெரியாது!

"குறிப்பை நம்பாதே. ஒரு வீட்டுக் குழாயிலிருந்து ஆரம்பிச்சு, தண்ணி புரோகிராமோட எந்தெந்த வரி வழியா வருதுன்னு பின்னாலேயே போ. எதையும் மாத்தாதே, அழிக்காதே. எந்த வரியை வச்சுச் சொல்றேங்கிறதையும் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, அளக்காதே" என்று தட்டினாள்.

இந்தத் தடவை அது நேரம் எடுத்துக்கொண்டது. 'தேவையில்லை, அழித்துவிடலாம்' என்று குறிப்பு போட்ட பகுதியில்தான் விஷயம் இருந்தது. ஏஜென்ட் எழுதியது: "இந்தப் பகுதி சண்டையைப் பார்ப்பதில்லை. வீட்டிலுள்ள இருவரில் ஒருவராவது, அடுத்தவரிடம் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறாரா என்று பார்க்கிறது. பார்த்தால் வெந்நீர். அதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று எனக்குத் தெரியவில்லை."

தன் வீட்டு இணைப்பைக் கேட்டாள். "அங்கே இருவருமே நிறுத்திவிட்டார்கள்" என்று பதில் வந்தது. அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

மேலாளர் அறிக்கையை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். "அப்போ நான் தூங்கினப்புறமும் என் வீட்டம்மா என்கிட்ட என்ன பேசலாம்னு யோசிச்சிட்டிருக்காளா?" என்றார். "நீங்களாவும் இருக்கலாம் சார்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கழட்ட வேண்டாம்மா. அப்படியே தூக்கி வச்சுடு" என்றார். அவளும் ஒரு எழுத்துக் குறையாமல், அந்தப் பொய்க் குறிப்போடு சேர்த்து, புதிய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது உதடு தானாக அசைந்தது. பட்டனைத் தட்டுற வேலையா? உங்க வாய்க்கு யார் வைத்தியம் பார்க்கிறது? ஆளைப் பார்த்ததும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். அதெல்லாம் எதற்கு, முதலில் ஒரு பிடி பிடித்துவிடுவோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருமுனை திரும்பியதும் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்சமாக வெள்ளையாக இருந்தது. வாசற்படியில் கால் வைத்தபோது குளியலறையிலிருந்து, "ஐயோ அம்மா, சுடுதே!" என்று பல் வைத்தியர் துண்டோடு ஓடி வந்தார். தோளெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினார். வெகுநாளைக்குப் பிறகு வந்த முழு வாக்கியம்.

"பட்டனைத் தட்டினேன்" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை விளக்கு வைத்த பிறகும் ஓயவில்லை. அதன் பிறகு அந்த வீட்டு ஜன்னலில் ஆவி இல்லாத நாள் இல்லை. எதிர்வீட்டு அக்கா பார்க்கும்போதெல்லாம் உச்சுக்கொட்டி, "எவ்வளவு நல்லா இருந்த குடும்பம்!" என்று வருத்தப்படுவாள். கம்ப்யூட்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு, "என்னக்கா பண்றது" என்பாள்.