செல்வராசாவின் விரல்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பல்லாரோ சந்தையில் தக்காளி விலை இறங்கிய ஆனி மாதத்தில் செல்வராசாவின் இடது கை பச்சையாகிவிட்டது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, வாழைக்காயின் பச்சை. சவர்க்காரம், தேசிக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, வலியும் இல்லை. பொலிதேயாமா அரங்கின் பக்கத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பிரெஞ்சுப் பெண் ஓவியர் ஒதில் கர்வேனின் வீட்டில்தான் அவருக்கு வேலை. கூட்டுவார், சமைப்பார், தூரிகைகளைக் கழுவுவார்; சில வருடங்களாகக் கதிரையில் அசையாமல் இருந்து படத்துக்கு ஆளாகவும் இருந்தார். அந்தக் கிழமை ஒதில் முதன்முறையாகப் படத்தில் அவருடைய கையைப் பச்சையில் தீட்டியிருந்தார். சந்தையை ஒட்டிய அல்பெர்கேரியாவில், அவர்களுடைய சின்ன வீட்டில், மனைவி கிருசாந்தினி அந்தக் கையை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெயின்ற் எண்டால் கழுவுப்படும். இது என்னண்டு உங்களிலை ஊறினது?" என்றாள். அவர் சேட்டுக் கையை இழுத்துவிட்டார். அவர் எதையோ மறைக்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒதில் லியோனில் படித்தவர். இளமையில் கன்னத்துப் பூனைமயிரைக்கூட விடாமல் வரைவார் என்று பெயர். பலெர்மோவுக்கு வந்த புதிதில் சந்தையின் வாள்மீன் தலைகளையும் மீன்காரரின் நகக்கண் அழுக்கையும் கண்டபடியே வரைந்தார். பிறகு இந்த ஊர் வெயில் அவரை மாற்றியது. முதலில் பொருள்களின் சொந்த நிறத்தைக் கைவிட்டார். செல்வராசாவின் பச்சை அப்படி வந்ததுதான், மறுவருடம் அது காவியாயிற்று. அடுத்து நிழலைக் கைவிட்டார். செல்வராசாவுக்கு நடுவெயிலிலும் நிழல் விழவில்லை. சுருக்கங்களைக் கைவிட்ட வருடம், ஐம்பது தாண்டிய அவருடைய முகம் இளந்தாரியின் முகம்போல் மழமழத்தது. ஆழத்தையும் விட்டபோது, பக்கவாட்டில் பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு கதவுப் பலகையளவே தெரிந்தார். நெரிசலான பஸ்ஸில் அது வசதியாக இருந்தது. படங்களில் இருந்தது குறையக் குறைய, பாரிஸில் அவற்றைப் பற்றிய பேச்சுக் கூடியது.

கிருசாந்தினி அவருடைய சேட்டுகளை முகர்ந்து பார்த்தாள். வேலை முடிந்து வரும் வழியில் ஒதிலின் கட்டடத்தின் எதிரில் நின்று மூன்றாம் மாடி யன்னலைக் கவனித்தாள். மலையேறி, ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் முறையிட்டாள். கடைசியில், அதே கட்டடத்தில் வேலை செய்த மன்னார்க்காரி செலஸ்ரீனாவைப் பிடித்து விசாரித்தாள்.

"ஒண்டுமில்லையடி. உன்ரை மனுசன் கதிரையிலை சும்மா இருக்கிறார். படம் கீறுற சிஞோரா அவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' கிருசாந்தினியை நித்திரை கொள்ளவிடவில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் தான் அவரை அப்படி ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை என்று அவளுக்குப் பட்டது.

வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் செல்வராசா விரல்களை ரேகை எடுக்கும் கண்ணாடியில் வைத்தார். திரையில் ஒன்றும் விழவில்லை. அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார், பிறகு விரல்களைத் துடைத்தார். பத்து விரலும் கழுவிய கோப்பைபோல் வழுவழுவென்று இருந்தன. அமிலத்தில் தோய்த்தாயா என்று கேட்டார். ரேகை இல்லாமல் பத்திரம் இல்லை, அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிட்டார்.

மறுநாளே கிருசாந்தினி மூன்றாம் மாடிக்கு ஏறிப்போனாள். சுவர் முழுக்கப் பார்த்தும் அவள் பயந்த மாதிரி எதுவும் இல்லை. "இதிலை எது இவர்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள். ஒதில் ஒரு காவித் திட்டைக் காட்டினார்.

"இவருக்குக் கைரேகை வேணும். திருப்பிக் கீறுங்கோ."

"கீறத் தெரியவில்லை," என்றார் ஒதில். "அதையெல்லாம் என் கை மறந்துவிட்டது."

கிருசாந்தினி நம்பவில்லை. தன் துப்புரவு வேலையை விட்டுவிட்டு வந்து அங்கேயே காவல் இருந்தாள். ஒதில் செல்வராசாவின் விரல்களைப் பார்த்து வரைவதும் கிழிப்பதுமாகக் கிழமைகள் போயின. இது ஒதிலின் பாசாங்குதான் என்று நினைத்திருந்த கிருசாந்தினிக்கு, அந்த விரல்களில் பார்ப்பதற்கு ஏதும் இல்லை என்பது மெல்ல விளங்கியது. தன் கைகளை மேசையில் விரித்து வைத்தாள்.

"என்ரையைப் பாத்துக் கீறுங்கோ."

ஒதில் குனிந்து பார்த்தார். கத்தி பட்ட தழும்பு, குளோரின் அரித்த நுனி, சுழிக்குள் சுழியாக ஓடிய கோடுகள். ஒரு விரலுக்கு ஒரு பகல் எடுத்தார். தன்னை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று கிருசாந்தினிக்குத் தோன்றியது. தேத்தண்ணி ஆறியும் எழும்ப மனம் வரவில்லை. அப்போது செல்வராசா கதவோரம் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் முடியேல்லையோ?" என்றார்.

"பொறுங்கோ, இன்னும் சின்னவிரல் கிடக்கு," என்றாள் அவள், அசையாமல்.

அந்தப் படங்களைப் பாரிஸில் ஓவியரின் மூன்றாம் காலம் என்றார்கள். செல்வராசாவின் விரல்களில் கோடுகள் விழுந்தன. வலது சுட்டுவிரலில் ஒரு கத்தித் தழும்பும் வந்தது.

குவெஸ்தூராவில் இயந்திரம் ரேகையை எடுத்தது, ஆனால் திரையில் பதிவிலிருந்த கிருசாந்தினியின் முகம் வந்தது. அதிகாரி வெளியே இருந்த அவளை உள்ளே கூப்பிட்டு, விரல் வைக்கச் சொன்னார். அதே ரேகை. இருவரையும் பக்கத்தில் நிறுத்தி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். செல்வராசாவைப் பக்கவாட்டிலும் பார்த்தார்.

"கணவன் மனைவியா?"

"ஓம்," என்று வாய்தவறித் தமிழில் சொன்னாள் கிருசாந்தினி.

"எவ்வளவு காலம்?"

"இருபத்தாறு வருசம்," என்றார் செல்வராசா.

"அப்படியென்றால் ஒரே மாதிரித்தான் வரும்," என்று சொல்லிவிட்டு, அதிகாரி முத்திரையைக் குத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.