கொக்கியில் மாட்டிய கயிறு

ஓட்டுப்பதிவு தொடங்க அரைமணி நேரம் இருந்தது. பையில் பேனாவைத் தேடிய வாயாடியின் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தவை, கசங்கிப்போன இரண்டு சிவப்பு டேப் துண்டுகள்.

பேனா தேடியது மறந்துபோனது.

கல்லூரி மலையேற்றக் குழுவின் செயலாளர் பதவிக்கு இரண்டே பேர் போட்டி. ஒருத்தி வாயாடியின் வகுப்புத்தோழி. ஜெயிப்பதற்கு முன்பே அவளுக்குத் 'தலைவி' என்று பெயர் வந்துவிட்டது. இன்னொருத்தி 'ராக்கெட்'. பயிற்சிச் சுவரில் அவள் ஏறுவதைப் பார்த்தால் பல்லிக்கே பொறாமை வரும். தலைவிக்கு நீலம், ராக்கெட்டுக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்துக்கொண்டு, மூன்று வாரமாக இரண்டு அணியும் முட்டி மோதின. நீல அணியின் கோஷம், நோட்டீஸ், ஓட்டுக் கணக்கு எல்லாம் வாயாடியின் தலையில்.

இரண்டு நாளுக்கு முன்னால் பெரிய பேனர் ஒன்றைக் கட்டக் கயிறு தேவைப்பட்டது. குழுவின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்வது வாயாடியின் சித்தி. அவள் வீட்டில் தங்கித்தான் வாயாடி படிக்கிறாள். சித்தி மூலையிலிருந்து ஒரு பச்சைப் புள்ளிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

"பாறையில உரசி உள்நார் போயிடுச்சு. இதுல பேனர் தொங்கலாம், ஆள் தொங்கக் கூடாது. முடிஞ்சதும் என் கையிலயே கொண்டாந்து குடு."

கயிற்றின் இரு முனையிலும் சிவப்பு டேப். அந்தக் குழுவில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது: சிவப்பு சுற்றிய கயிற்றில் உயிரைக் கட்டாதே.

பேனர் ஏறியதும் தலைவி முகத்தைச் சுளித்தாள். "என்னடி இது? என் பேனருக்கு ரெண்டு பக்கமும் அவ கொடிய கட்டி வச்சிருக்க?"

வாயாடி சிரித்துக்கொண்டே இரண்டு டேப்பையும் உரித்துப் பைக்குள் போட்டாள். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

நேற்று பிரசாரம் முடிந்து, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேனரை அவிழ்த்தபோது, "கயித்த என்னக்கா பண்றது?" என்று கேட்டார்கள். வாயாடி போனில் யாரிடமோ ஓட்டுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நல்லா சுருட்டிக் கொக்கியில மாட்டிடுங்க."

சாமான் அறைக் கொக்கியில் மாட்டுவது நல்ல கயிறுகளை மட்டும்தான்.

வாயாடி ஓடினாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், நான்கு மாடி உயரப் பயிற்சிச் சுவரைச் சுற்றிக் கூட்டம். ஓட்டுப்பதிவுக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை வித்தை காட்ட ராக்கெட் ஏறிக்கொண்டிருந்தாள். பாதிச் சுவர் தாண்டவில்லை. அவள் இடுப்பிலிருந்து இறங்கிய கயிற்றில் பச்சைப் புள்ளிகள்.

உச்சிக்குப் போனதும் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சரிந்து, கயிற்றில் தொங்கியபடி கூட்டத்துக்குக் கையசைப்பது அவள் வழக்கம்.

யாரோ வாயாடியின் மணிக்கட்டைப் பிடித்தார்கள். தலைவி.

"எங்கடி இந்த ஓட்டம்?"

"அது பேனர் கயிறுடி. டேப் என்கிட்ட இருக்கு."

தலைவி மேலே பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "கத்திக்கித்தித் தொலைக்காதே. நாமதான் வேணும்னு மாத்தி வச்சோம்பாங்க. அவ இறங்கட்டும், நைசா எடுத்துடலாம்."

"கைய விட்டுட்டா?"

"ஒரு நிமிஷம் பொறுடி."

மூன்று வாரம் ஓயாமல் பேசிய வாய் அந்த இடத்தில் திறக்கவில்லை. பன்னிரண்டு வினாடி இருக்கலாம், பதினைந்து இருக்கலாம். ராக்கெட் உச்சியைத் தொட்டுத் திரும்பிச் சிரித்தபோதுதான் வாயாடியின் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது.

"கைய விடாதே..."

கூட்டத்தின் கைதட்டலில் அது கரைந்துபோனது. தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தது போல, கயிறு அறுந்த சத்தமும் சின்னதாகத்தான் இருந்தது.

ராக்கெட் பிழைத்துக்கொண்டாள். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சிவப்பு அணி போட்டியிலிருந்து விலகியது. மூன்றாம் நாள் தலைவி போட்டியில்லாமல் செயலாளர் ஆனாள். மறுநாள் விசாரணை என்று அறிவித்தார்கள்.

அன்று மாலை சித்தி வேலைக்குப் போடும் சட்டைகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள், திருப்பிக் கொடுப்பதற்கு.

"டேப் எப்பவோ உதிர்ந்திருக்கணும், நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"சித்தி, உரிச்சது நான்."

"தெரியும். பேனர் அவிழ்த்த பிள்ளைங்க கிட்ட விசாரிச்சேன். எனக்கு வேலைதான் போகும். உன்னைப் படிக்க விடுவாங்களா? உங்கம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வாயாடின்னு பேர் வாங்கினவதானே, ஒரே ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு."

"ஒரு நாள் மூடிட்டேன் சித்தி."

சித்தியின் கை சட்டைமேல் அப்படியே நின்றது. என்ன என்று அவள் கேட்கவில்லை.

விசாரணை அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் மூன்று பேராசிரியர்கள். ஓரத்தில், சட்டையில் புதுப் பதவிப் பட்டையோடு, நடப்பதை எழுதிக்கொள்ளச் செயலாளர். சுவரோரம் சித்தி, கூப்பிட்டால் எழுந்திருக்கத் தயாராக நாற்காலி நுனியில்.

அழைக்காமலே உள்ளே வந்த வாயாடி, இரண்டு சிவப்புத் துண்டுகளை மேஜைமேல் வைத்தாள். பேனர், டேப், கொக்கி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "எங்க சித்தி எழுதினது பொய் சார்." தலைவி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். இதுவரைக்கும் அவள் பெயர் வரவில்லை.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "கயிறு மாறினது உனக்கு எப்பம்மா தெரிஞ்சது?"

தலைவியின் பேனா நின்றது.

விழுந்த பிறகு என்று சொல்லிவிடலாம். அதை மறுக்க இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியால்தான் முடியும். அவள் மறுக்கமாட்டாள்.

"அவ பாதிச் சுவர்ல இருந்தப்ப," என்றாள் வாயாடி. சித்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டது கடைக்கண்ணில் தெரிந்தது. "எனக்கும் தெரியும். பக்கத்துல நின்ன இவளுக்கும் தெரியும்."

வாயாடி மேஜையின் ஓரத்துக்குத் திரும்பினாள்.

"எழுதிக்கோடி."