ஒரே மிதி

மெக்கானிக்குக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து அந்தப் பழைய டீசல் வேனின் பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை மூன்று முறை எடுத்தாயிற்று. ஓட்டிப் பார்த்தான், கல்லாய் நின்றது. தங்கை மட்டும் பழைய பல்லவியை விடவில்லை: "பெடல் இறங்குதுண்ணே."

நாளை முதல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லப்போவது அவள். இத்தனை காலம் ஓட்டிய கணவனுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை.

"இவ லைசென்ஸ் எடுத்தா, எடுத்ததும் வண்டிக்குக் கெட்ட நேரம், மச்சான்," என்றான் கணவன், ஸ்டூலில் சாய்ந்தபடி.

"பிரேக் ஆயில் டப்பாவுல ஒரு சொட்டு குறையல. எங்கயும் ஒழுகலம்மா," என்றான் அண்ணன் அலுப்போடு. "எனக்கு நிக்குது, மாப்ளைக்கு நிக்குது. உனக்கு மட்டும் இறங்கினா நான் எதைக் கழட்டுறது?"

"என் காலைக் கழட்டு. அதுக்கு முன்னாடி வந்து பாரு."

இன்ஜினை ஓடவிட்டு, ஒரே மிதியாய் மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருந்தாள். கதவருகே குனிந்து பார்த்தான் அண்ணன். பாதி வழியில் நின்ற பெடல், தூக்கத்தில் சரியும் தலையைப்போல் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

கணவன் சிரித்தான். "ஒரே மிதியில எங்க நிக்கும்? ரெண்டு மிதி மிதிக்கணும். ரெண்டாவதுல கப்புன்னு பிடிக்கும். வருஷக்கணக்கா அப்படித்தானே ஓட்டுறேன்!"

"குறுக்க ஓடி வர்ற குழந்தை உங்க ரெண்டாவது மிதிக்குக் காத்துக்கிட்டு நிக்குமாங்க?"

சிரிப்பு நின்றது. மெக்கானிக் தன் வலது காலைப் பார்த்தான். அதுவும் ஒவ்வொரு முறையும் இரண்டு மிதிதான் மிதித்திருந்தது, அவனைக் கேளாமலே! நோயைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கால், நோயோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. பழுதுக்குப் பழகியவன் பழுதைக் காண்பானா? பழக்கம் என்று பெயர் சூட்டிவிட்டால் பழுது பழுதில்லை என்றாகிவிடுமா?

வலிக்கும் முதுகோடு மீண்டும் வண்டிக்கடியில் புகுந்தான். சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் குழாய்களை எல்லாம் இடுக்கியால் நெரித்து அடைத்தான். "இப்ப மிதி. ஒரே மிதி."

மிதித்தாள். "இறங்குதுண்ணே."

"அப்ப சக்கரத்துல ஒண்ணுமில்ல. பெடல்லருந்து ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ள வாஷர் தேஞ்சு, ஆயில் நழுவித் திரும்ப டப்பாவுக்கே போகுது. ஒழுகாம ஏமாத்தியிருக்கு." பெருமூச்சு விட்டான். "எனக்குத்தான் புத்தி வரல."

புதிய சிலிண்டரை வாங்கிவந்து பூட்டி, நான்காம் முறையாகக் காற்றெடுத்து முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தங்கை ஏறி அமர்ந்து ஒரு முறை மிதித்தாள். பெடல் உயரத்திலேயே நின்றது. காலை எடுக்காமல் இருந்தாள், அது அசையவில்லை.

"நிக்குதா?" என்று கேட்டான் கணவன், எழுந்து வந்து.

"நிக்குதுங்க."

கேட்டுவிட்டு நின்றவனின் வலது கால், செருப்போடு மண்ணை இரண்டு முறை மிதித்தது.