எட்டு நாள் விரதம்

கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, தனுஜாவைப் பார்ப்பவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். கோயிலில், பாசார் சந்தையில், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் லிஃப்டில். "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" கேட்பவர்களின் கண் அவள் முகத்தில் இருக்காது, வயிற்றில் இருக்கும்.

அவளுக்கோ இரண்டு வருடம் வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் பயிற்சிக்கு அவள் பெயர் வந்திருந்தது. கணவன் மோகனராஜும் சரி என்றான். கரு தங்கக்கூடிய நாட்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அரசாங்க கிளினிக் தாதி இருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "ஆனா நாள் எண்ணுறத மட்டும் நம்பாதீங்க. ஆணுறையோ மாத்திரையோ சேத்துக்குங்க" என்றும் சொன்னாள்.

மோகனராஜ் ஆணுறை வாங்க மூன்று முறை மருந்துக்கடைக்குப் போனான். மூன்று முறையும் இருமல் மருந்தோடு திரும்பினான். கல்லாவில் இருந்த லோகேஸ்வரி அக்கா அவன் அம்மாவோடு கோயிலில் தேவாரம் பாடுகிறவள். வீட்டில் ஒருவருக்கும் இருமல் இல்லை.

ஆகவே காலண்டரே கதி. தள்ளிப் படுக்க வேண்டிய எட்டு நாட்களைச் சமையலறைக் காலண்டரில் தனுஜா சிவப்பு வட்டம் போட்டு வைப்பாள். தினமும் அதைப் பார்ப்பது மோகனராஜின் பொறுப்பு. வட்ட நாளில் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவான்.

மாமியார் இதைப் பார்த்தார். பார்த்து உருகினார். பிள்ளை வரம் கேட்டு இந்தக் காலத்தில் எந்தப் பெண் விரதம் இருக்கிறாள்? வட்ட நாளில் வீட்டில் மீன், கோழி நின்றது. மாமியாருக்கு ஏதோ வேண்டுதல் என்று தனுஜா நினைத்துக்கொண்டு பேசாமல் பருப்பு சாப்பிட்டாள்.

வட்டம் போடத் தொடங்கிய மூன்றாம் மாதம் அவளுக்கு மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போனது. காலண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் போட்ட வட்டங்களை வெள்ளை மை மூடியிருந்தது. புது வட்டங்கள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"அத்தை, இத யாரு மாத்துனது?"

"நான்தாம்மா. சேர்ந்தாப்ல எட்டு நாள் விரதம் இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம்னு பிரிச்சுப் போட்டுட்டேன் லா. பலனும் ஜாஸ்தி."

தனுஜா கணவனைப் பார்த்தாள். "நீங்க பாக்கலையா?"

"வட்டம் இல்லாத நாளு நெறைய இருந்துச்சு. சந்தோஷமா இருந்தேன்" என்றான் அவன்.

"அத்தை, அது விரதம் இல்ல. இப்ப பிள்ளை வேணாம்னு போட்ட வட்டம்."

மாமியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

தனுஜாவே போய்ப் பரிசோதனைக் குச்சி வாங்கி வந்தாள். அவள் குளியலறையை விட்டு வெளியே வந்தபோது மாமியார் கையில் விபூதியோடு நின்றார்.

"ஒரு கோடு" என்றாள் தனுஜா.

"ஒண்ணுன்னா?"

"இல்லன்னு அர்த்தம்."

மாமியார் விபூதியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "நான் ஒண்ணு கேட்டேன், நீ ஒண்ணு கேட்ட. உன் பேச்சைத்தான் சாமி கேட்டுருக்கு."

"இனிமே சாமிக்கு இந்தத் தொல்லை வேணாம் அத்தை. நாளைக்கு கிளினிக் போறேன், மாத்திரை எடுக்க."

"நானும் வரணுமா?" என்றான் மோகனராஜ், வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே.

"வரணும்" என்றார்கள் இரண்டு பேரும்.